வந்து மறையும் எச்சரிக்கை விளக்கு: பழைய எஸ்.யூ.வி. வண்டிகளில் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுப் பழுதைக் கண்டறிதல்

ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி உண்மையிலேயே திரும்புகிறதா என்பதை இடைவிடாது ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டுக்கும் இடையே வேறுபாடு தோன்றிய கணமே, தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்தும் இன்ஜினின் விசையைக் குறைத்தும் வண்டியைப் பாதைக்குக் கொண்டுவரும் மின்னணு ஏற்பாடே நிலைத்தன்மைக் கட்டுப்பாடு எனப்படுகிறது. பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏற்பாடு 1995இல் மெர்சிடிஸின் உயர்விலைக் கார்களில் விற்பனைக்கு வந்தது. 1997இல் அதே நிறுவனத்தின் சிறிய ஏ-கிளாஸ் கார், சாலையில் திடீரெனக் குறுக்கிடும் காட்டு விலங்கை விலகிச் செல்வதைப் போல ஓட்டிப் பார்க்கும் சுவீடன் சோதனை ஒன்றில் கவிழ்ந்த பிறகு, அந்த வகைக் கார் அனைத்திலும் இது பொருத்தப்பட்டது. உயரமான உடலும் உயர்ந்த ஈர்ப்பு மையமும் கொண்ட எஸ்.யூ.வி. வண்டிகளுக்கு இதன் தேவை இன்னும் கூடுதலானது: ஒற்றை வண்டி விபத்துகளைக் கார்களில் 34 விழுக்காடும் எஸ்.யூ.வி.க்களில் 59 விழுக்காடும் இந்த ஏற்பாடு குறைக்கும் என்றும், அவ்வகை விபத்துகளில் எஸ்.யூ.வி.க்கள் கவிழ்வதை 84 விழுக்காடு தடுக்கும் என்றும் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் மதிப்பிட்டது. 2011 செப்டம்பர் முதல் அந்நாட்டில் 4,536 கிலோ வரையிலான புதிய வண்டிகள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று.

கட்டாயமாவதற்கு முந்தைய பத்தாண்டில் இந்த ஏற்பாட்டோடு வெளிவந்த எஸ்.யூ.வி.க்கள் இன்று 15 முதல் 25 வயதை எட்டியுள்ளன. இன்ஜினும் கியர் பெட்டியும் நல்ல நிலையில் இருக்கும் இவ்வண்டிகளின் உரிமையாளர்களை அடிக்கடி அலைக்கழிக்கும் பழுது, நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு எச்சரிக்கை விளக்கு சில நாள் எரிந்து, சில நாள் அணைந்து, மெக்கானிக்கிடம் கொண்டு சென்ற வேளையில் மட்டும் தவறாமல் அணைந்தே இருப்பதாகும். 2003 முதல் 2009 வரையிலான மாடல்களாக வட அமெரிக்காவில் விற்பனையான நான்காம் தலைமுறை டொயோட்டா ஃபோர்ரன்னர் வண்டியை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இலங்கைச் சாலைகளில் நன்கு அறிமுகமான பிராடோ 120 வண்டியும் இதே அடித்தளத்தில் அமைந்ததாகையால், இந்த ஏற்பாடு பொருத்தப்பட்ட பிராடோக்களுக்கும் கீழே சொல்லப்படுவது பெரும்பாலும் பொருந்தும். டொயோட்டா இதை வி.எஸ்.சி. என்று அழைக்கிறது, பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் டி.எஸ்.சி. என்றும், நிசானில் வி.டி.சி. என்றும், வேறு பலவற்றில் இ.எஸ்.பி. என்றும் காணப்படுவது பெயர் வேறுபாடேயன்றிப் பொருள் வேறுபாடன்று.

விளக்கு எவ்வாறு எரிகிறது என்பதே முதல் தடயமாகும். வழுக்கும் சாலையில் ஓரிரு நொடி விட்டுவிட்டு மின்னினால், அது பழுதன்று, ஏற்பாடு தன் வேலையைச் செய்கிறது என்பதன் அறிவிப்பு. விடாமல் எரிந்தால் ஏற்பாடு தன்னைத் தானே நிறுத்திக்கொண்டுள்ளது என்று பொருள். ஓட்டுநரே பொத்தானை அழுத்தி நிறுத்தியிருந்தாலும், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் நடு டிஃபரென்ஷியல் பூட்டப்பட்டிருந்தாலும், அதற்குரிய விளக்கு எரிவது இயல்பே. இந்த மூன்றையும் வேறுபடுத்தாமல் “விளக்கு எரிகிறது” என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்வதால் தொடக்கத்திலேயே தேடல் திசைமாறிப் போவதுண்டு.

விளக்கு எரிவதால் வி.எஸ்.சி. ஏற்பாட்டில்தான் பழுது என்று முடிவு கட்டுவது, இத்துறையில் மிகுதியாக நிகழும் பிழையாகும். ஓட்டுநரின் எண்ணத்தை அறிய ஸ்டீயரிங் கோண சென்சாரையும், வண்டியின் உண்மையான போக்கை அறிய நான்கு சக்கர வேக சென்சார்களையும் திரும்பு வேக சென்சாரையும், பிரேக்கின் நிலையை அறியப் பிரேக் விளக்கு சுவிட்சையும் நம்பியிருக்கும் இந்த ஏற்பாடு, விசையைக் குறைப்பதற்கு இன்ஜின் கணினியின் ஒத்துழைப்பையும் நாடுகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றின் சொல்லை நம்ப முடியாத நிலை வந்தால், தவறான சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்துத் தீங்கு விளைவிப்பதைவிட ஒதுங்கிக்கொள்வதே மேல் என்று அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்த விளக்கு பெரும்பாலும் பிறருடைய பழுதை அறிவிக்கும் தூதனாகவே எரிகிறது.

ஃபோர்ரன்னரில் இதற்கான தெளிவான சான்று பெட்ரோல் தொட்டியின் மூடியாகும். மூடி சரியாக இறுகாவிட்டாலும், அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலும், பெட்ரோல் ஆவி வெளியேறுவதை இன்ஜின் கணினி கண்டுபிடித்துத் தன் விளக்கை எரியவிடுகிறது, அக்கணமே வி.எஸ்.சி. ஏற்பாடும் ஒதுங்கிக்கொள்ள, டாஷ்போர்டில் இரண்டு மூன்று விளக்குகள் ஒருசேர எரிகின்றன. பிரேக்கே போய்விட்டதோ என்று அஞ்சி வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றுபவர்களும் உண்டு. இந்நிலையில் பிரேக் கணினியில் பதிவாகும் சி1201 என்னும் பிழைக் குறியீட்டுக்கு “இன்ஜின் கட்டுப்பாட்டில் பழுது” என்பதுதான் பொருள். அதாவது, “என்னிடம் குறை இல்லை, இன்ஜின் கணினியைக் கேளுங்கள்” என்று அது கைகாட்டுகிறது.

இங்கே காலம் பற்றிய ஒரு நுட்பம் உண்டு. ஆவிக் கசிவுச் சோதனை பெட்ரோல் போட்டவுடன் நடப்பதில்லை. பிற்கால டொயோட்டா வண்டிகள் பலவற்றில் இன்ஜினை நிறுத்தி ஏறத்தாழ 5 மணி நேரம் கழிந்த பிறகே, வண்டி ஆளின்றி நிற்கும்போது அச்சோதனை தானாக நிகழ்கிறது. அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் தோல்வி கண்ட பிறகே விளக்கு எரிகிறது. எனவே திங்கட்கிழமை மாலை மூடியை அரைகுறையாக மூடியதன் விளைவு புதன்கிழமை காலை தெரியவர, உரிமையாளர் அதைக் குளிரோடும் பேட்டரியோடும் தொடர்புபடுத்திவிடுகிறார். மூடியைச் சரிசெய்த பிறகும் விளக்கு உடனே அணைவதில்லை. தொடர்ந்து மூன்று முறை பழுதில்லை என்று உறுதியான பின்னரே அணையும். இந்தத் தாமதம் தெரியாதவர்கள் மூடியைச் சரிசெய்ததால் பயனில்லை என்று கருதி, பணத்தைச் செலவிடக் கூடாத இடங்களில் செலவிட்டிருக்கிறார்கள்.

பிழைக் குறியீடுகளைப் படிப்பதிலும் ஒரு தடை உள்ளது. 1996 முதல் அமெரிக்க வண்டிகளில் கட்டாயமான பொதுச் சோதனை முனை, வெளியேறும் புகையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தில் பிறந்ததாகையால், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்கும் இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கின்றன. பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குரிய ‘சி’ குறியீடுகள் அவற்றின் கண்ணுக்குப் படுவதில்லை. “குறியீடு எதுவும் இல்லை” என்று அத்தகைய கருவி சொல்வதைப் பழுதே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரேக் கணினியையும் படிக்கும் ஸ்கேனர் கிடைக்காத இடத்தில், இத்தலைமுறை டொயோட்டா வண்டிகளில் சோதனை முனையின் 4ஆம், 13ஆம் ஊசித் துளைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். ஏற்பாட்டின் விளக்கும் வி.எஸ்.சி. விளக்கும் மின்னும் எண்ணிக்கையைக் கொண்டு குறியீட்டை அறியலாம்: மூன்று மின்னல், இடைவெளி, ஒரு மின்னல் என்றால் 31, அதாவது முன்புற வலச் சக்கரத்தின் வேக சென்சார், 32 முன்புற இடம், 33 பின்புற வலம், 34 பின்புற இடம். 16ஆம் துளையில் பேட்டரி மின்சாரம் எந்நேரமும் இருப்பதால், துளைகளை உறுதியாக அடையாளம் காணத் தெரியாதவர்கள் இம்முறையைக் கையாள வேண்டாம்.

குறியீட்டைப் படித்ததும் அழித்துவிடும் பழக்கம் மிகுந்த கேடு விளைவிப்பது. வந்து மறையும் பழுது விட்டுச்செல்லும் ஒரே கால்தடம் அந்தக் குறியீடுதான். அதை எழுதி வைக்காமல் அழிப்பதாலோ, பேட்டரி இணைப்பைக் கழற்றி விளக்கை அணைப்பதாலோ, தேடல் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அதோடு புகைச் சோதனைக்கு வேண்டிய உள் பதிவுகளும் அழிந்து, அடுத்த சில நாட்களுக்கு அச்சோதனையில் வண்டி தேற முடியாமலும் போகிறது. சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றியதாலேயே ஸ்டீயரிங்கின் நேர்நிலை நினைவும் அழிந்து, பழைய பழுதின் மேல் புதிய விளக்கு ஒன்று சேர்ந்துகொள்கிறது.

குறியீட்டுக்கு நிகரான மதிப்புடையது உரிமையாளர் வைத்திருக்க வேண்டிய சிறு குறிப்பேடு. விளக்கு எரிந்த நாள், நேரம், வேகம், மழை, திருப்பம், பள்ளம், ஓடிய தூரம், ஏற்கெனவே எரிந்த பிற விளக்குகள் ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்துவந்தால் பழுதுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். மழைக்கும் கழுவலுக்கும் பிறகு எரிவது கனெக்டரில் நீர் புகுவதைக் காட்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது எரிந்தால், முன்சக்கர சென்சாரின் வயர் இழுபடுகிறது என்றோ, ஸ்டீயரிங் கம்பத்துக்குள் இருக்கும் சுருள் கேபிள் தேய்ந்துள்ளது என்றோ ஐயுறலாம். அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய பின்பே எரிந்தால், பிரேக் கணினியின் உள்ளே ஈயப்பற்று விரிசல் கண்டிருக்கக்கூடும். காலை முதல் ஸ்டார்ட்டில் எரிந்து அடுத்த ஸ்டார்ட்டில் மறைவது, பெட்ரோல் மூடி காரணமன்று என்று உறுதியான பிறகும் தொடர்ந்தால், பேட்டரியின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

பேட்டரிச் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை; ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் என்பவை நலத்தின் அடையாளங்கள். பழைய பேட்டரி ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினாலும், இன்ஜின் எப்படியோ கிளம்பிவிடும். ஆனால் அந்த நொடியில் விழித்தெழும் பிரேக் கணினி போதிய மின்னழுத்தம் காணாமல் பழுது பதிவு செய்யும். டொயோட்டாவில் சி1241 என்பது இதற்குரியது. பேட்டரி புதிதாக இருந்தும் இதே குறியீடு வந்தால், இன்ஜினையும் உடலையும் பேட்டரியோடு இணைக்கும் எர்த் வயரின் முனைகளில் துருவைத் தேட வேண்டும்.

எனினும் இவ்வகைப் பழுதின் முதன்மை இருப்பிடம் சக்கரமே என்பது பட்டறை அனுபவத்தில் திரும்பத் திரும்ப உறுதியாகும் செய்தியாகும். நீர், சேறு, சூடு, அதிர்வு ஆகிய நான்கையும் ஒருசேரத் தாங்க வேண்டிய உறுப்பு சக்கர வேக சென்சார். இதில் இரண்டு வகை உண்டு. பழைய வகை, காந்தத்தின் மீது சுற்றிய கம்பிச் சுருள். பல் வளையம் ஒன்று அதன் முன் சுழலும்போது மாறுமின்னோட்டம் பிறக்கிறது. வேகம் குறையக் குறைய இந்தச் சைகையின் வலிமையும் குறையும். புதிய வகை, மின்சாரம் ஊட்டப்பட்டு இயங்கும் சிறு மின்னணுச் சில்லு. சக்கரம் மெதுவாக நகர்ந்தாலும் அதன் சைகை வலிமை குன்றுவதில்லை. பழைய வகையை மின்தடை அளந்து சோதிக்கலாம். இடச் சக்கரத்து அளவையும் வலச் சக்கரத்து அளவையும் ஒப்பிடுவது, எந்த அட்டவணையையும்விடத் தெளிவாகப் பேசும். புதிய வகையை அப்படி அளப்பதால் பயன் இல்லை, சில்லுக்குச் சேதம் நேரவும் கூடும்.

குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைத் தூவுவதால் விளையும் கேடு தனித்து எண்ணத்தக்கது. சென்சார் அமர்ந்திருக்கும் இரும்புப் பரப்பில் துரு வளர்ந்து, சென்சாரை மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. மில்லிமீட்டரின் சிறு பகுதியளவே இடைவெளி கூடினாலும் பழைய வகை சென்சாரின் சைகை மெலிந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது, சிக்னலில் வண்டி நிற்கப்போகும் கடைசி சில மீட்டரில் பிரேக் பெடல் காலுக்கடியில் துடிக்கும், அல்லது விளக்கு எரியும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதே காரணத்துக்காக, 1999–2002 மாடல் பிக்கப்புகளும் எஸ்.யூ.வி.க்களுமாக ஏறத்தாழ 8 லட்சம் வண்டிகளை 2005இல் திரும்ப அழைத்தது. அங்கே சென்சார் கெட்டுப்போகவில்லை. அது அமர்ந்த இடம்தான் கெட்டிருந்தது. டொராண்டோ போன்ற நகரங்களில் ஆண்டில் நான்கைந்து மாதம் உப்புச் சாலையில் வண்டி ஓட்டும் தமிழர்கள் இதை நினைவில் கொள்வது நன்று: அப்பரப்பைத் தேய்த்துத் துருவை நீக்கிய பிறகே புதிய சென்சாரைப் பொருத்த வேண்டும், அல்லாவிடில் புதியதும் பழையதைப் போலவே தள்ளப்படும்.

எந்தச் சக்கரம் குற்றவாளி என்பதை அறிய, நான்கு சக்கர வேகங்களையும் ஸ்கேனரில் வரைகோடுகளாக ஓடவிட்டு, நேரான வெற்றுச் சாலையில் மணிக்கு 30 கி.மீ.யிலிருந்து மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்பது சிறந்த வழி. ஸ்கேனரைப் பார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறாக இருக்க வேண்டும். மூன்று கோடுகள் ஒன்றாக இறங்க, ஒன்று மட்டும் முன்கூட்டியே சுழியத்துக்கு விழுந்தால் இடைவெளியையோ துருவையோ தேடலாம். ஒரு கோடு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பள்ளம் காட்டினால் பல் வளையத்தில் விரிசல். பள்ளமான சாலையில் மட்டும் ஒரு கோடு குதித்தால் வயர் அல்லது ஆட்டம் கண்ட பேரிங். ஃபோர்ரன்னரின் பின்புறப் பல் வளையம் அச்சுத் தண்டின் மீதே அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், பின்சக்கர பேரிங் மாற்றியவர்கள் அதைச் சிறிது முன்பின்னாக அழுத்திவிட்டாலும், வேலை முடிந்து சில நாளில் இந்த விளக்கு எரியத் தொடங்கும். புதிய வகை சென்சாருள்ள வண்டிகள் பலவற்றில் பல்லுக்குப் பதிலாகப் பேரிங்கின் ஓரத்திலேயே காந்த வளையம் உள்ளது. பேரிங்கைத் தலைகீழாகப் பொருத்தினால் சைகையே கிடைக்காது. ஆகவே “அண்மையில் இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது?” என்ற கேள்வி, முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்கப்பட வேண்டியதாகும்.

சென்சாரை இடவலமாக மாற்றிப் பொருத்தி, குறியீடு இடம் மாறுகிறதா என்று பார்க்கும் முறையைப் பலர் பரிந்துரைப்பர். புதிய வண்டியில் அது நல்ல முறை. 20 ஆண்டுத் துருவில் சிக்கிய சென்சார் கழற்றும்போதே உடைந்துவிடுவதால், பழைய வண்டியில் அளத்தலும் வரைகோடும் முடிந்த பிறகே அதில் கை வைக்க வேண்டும். அதற்கும் முன்பாக, வயரைச் சக்கரத்திலிருந்து கனெக்டர் வரை விரல்களால் தடவி, மடங்கும் இடங்களில் அசைத்து, அப்போது ஸ்கேனரின் கோடு துள்ளுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெளியுறை நன்றாக இருக்க உள்ளே செப்பு இழை அறுந்திருப்பது முன்சக்கர வயர்களில் அரிதன்று.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மூன்று தேய்ந்த டயரும் ஒரு புதிய டயரும், அல்லது அளவு வேறுபட்ட ஸ்டெப்னியும், ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றிலிருந்து வேறுபட்ட வேகத்தில் சுழல்வதாகக் கணினிக்குக் காட்டும்.

ஸ்டீயரிங் கோண சென்சாரின் பழுது வேறு விதமாக வெளிப்படும். வண்டி நேராக ஓடும்போது ஸ்கேனர் சுழியத்தை ஒட்டிய கோணத்தைக் காட்ட வேண்டும். அலைன்மென்ட் செய்தபோது ஸ்டீயரிங் சிறிது சாய்ந்தபடி விடப்பட்டிருந்தால், நேர்ச்சாலையில் ஓட்டுநர் திருப்பிக்கொண்டிருப்பதாகக் கணினி எண்ணும். நெடிய வளைவுகளில், அதுவும் ஒரு பக்க வளைவுகளில் மட்டும், விளக்கு எரியும். இதனோடு சேர்ந்து இயங்குவது, வண்டி தன் செங்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை அளக்கும் திரும்பு வேக சென்சார். இது பொதுவாக வண்டியின் நடுவே, முன் இருக்கைகளுக்கு இடையில் தரையோடு திருகப்பட்டிருக்கும்; அங்கே கொட்டிய காபியும், கம்பளத்தடியில் தேங்கிய மழைநீரும், திருகு தளர்ந்து சாய்ந்த அதன் தாங்கியும் பழுதுக்குக் காரணமாவதுண்டு. சி1210, சி1336 ஆகிய குறியீடுகள் பெரும்பாலும் சென்சார் கெட்டதைக் குறிப்பவை அல்ல. அதன் சுழிய நிலை பதியப்படவில்லை என்பதையே குறிப்பவை. வண்டியைச் சமதளத்தில் அசையாமல் நிறுத்தி, முறைப்படி சுழியத்தைப் பதிந்தால் தீரும் இக்குறைக்காக சென்சாரையே மாற்றுவது வீண் செலவு.

பிரேக் பெடலின் மேற்புறம் இருக்கும் சிறு சுவிட்சை எவரும் முதலில் நினைப்பதில்லை. பெடலை மிதிக்கும்போது அது தரும் தகவலும் பிரேக் குழாயின் அழுத்தமும் ஒத்துப்போகாவிட்டால் வி.எஸ்.சி. ஒதுங்கிவிடும். ஸ்கேனரில் அதன் நிலையைப் பார்த்தபடி பெடலை மிக மென்மையாகப் பத்து இருபது முறை தொட்டு விடுவித்தால் தடுமாற்றம் தெரிந்துவிடும். இதே தகவல் செல்லும் வழியில் ஒரு கனெக்டரில் ஏற்பட்ட அரிப்பு, 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை 24 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வைத்தது. அதிர்வினால் ஊசிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, உராய்ந்த துகள் ஆக்சைடாகிப் படிந்து மின்தடையைக் கூட்டும் அவ்வகை அரிப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கழற்றி மாட்டினால் படிவு சுரண்டப்பட்டுச் சில வாரம் சரியாகிவிடும். மெக்கானிக் கைபட்டதும் பழுது மறைந்துவிடுவதன் மாயமும் பலமுறை இதுவே.

இத்தனையும் பார்த்த பிறகே பிரேக் கணினியும் அதனோடு இணைந்த பம்பும் ஐயத்துக்குரியவை. ஃபோர்ரன்னரில் பம்பும் பூஸ்டரும் ஒரே தொகுதியாக இருப்பதால் அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். அளந்து காட்டாமல் அதை மாற்றச் சொல்லும் எந்தப் பரிந்துரையையும் உரிமையாளர் ஏற்கக் கூடாது.

பழுது கண்டறியப்படும் வரை வண்டியை ஓட்டலாமா என்பது நேர்மையாக விடை கூறப்பட வேண்டிய கேள்வி. வி.எஸ்.சி. விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். வேகத்தைக் குறைத்து, ஈரச் சாலையின் வளைவுகளில் கூடுதல் கவனத்தோடு ஓட்டலாம். ஏ.பி.எஸ். விளக்கும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, எச்சரிக்கை ஒலி விடாமல் ஒலித்தாலோ, பிரேக்குக்கு உதவும் அழுத்தமே குறைந்திருக்கக்கூடும். அந்த இடத்திலேயே பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். விளக்குப் பல்பைக் கழற்றியோ, அதன் மேல் கறுப்பு நாடா ஒட்டியோ பழைய வண்டிகளை விற்பவர்களும் உள்ளனர். ஆகவே, வாங்குபவர் சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்பதைத் தம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியைப் பட்டறையில் விடும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விளக்கை அணைப்பதற்கு முன், அதை எரியவைத்த குறியீட்டை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.